கயலின் வியாழக்கிழமைப் பாடு

1

'கவலைப்பட ஒன்றுமில்லை' என்று ஆரம்பிக்கும் எந்தச் செய்தியையும் நான் நம்புவதில்லை. நைனா கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் யாராவது வாசலில் வந்து நின்று, "ஒன்னுமில்ல அண்ணி, பயப்படாத" என்றால், அம்மா உலையை இறக்கிவைத்துவிட்டுப் புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஒன்றுமில்லை என்று சொல்வதற்காக எவனும் மூச்சிரைக்க ஓடி வரமாட்டான் என்பது அவள் கட்சி.

போன மாதம் என் மகள் கயலின் பள்ளியிலிருந்து கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "கவலைப்பட ஒன்றுமில்லை. கயலின் மனநலம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். வசதிப்படும் நாளில் வாருங்கள். தேநீர் உண்டு."

கடைசி இரண்டு வார்த்தைகளில்தான் எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்த நாட்டில் எந்த அலுவலகமும் இதுவரை எனக்குத் தேநீர் கொடுத்ததில்லை. விசா அலுவலகத்தில் நான் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலையே வெளியே வைக்கச் சொன்னார்கள். சும்மா ஒருவன் எனக்குத் தேநீர் ஊற்றுகிறான் என்றால், அதைக் குடித்த பிறகு நான் உட்கார்ந்தபடி கேட்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து சைக்கிளில் போகிற தூரம். இப்போது இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில், மீனைப் பெட்டி பெட்டியாக உறையவைக்கும் குளிர்பதனக் கிடங்கில் இயந்திரம் பார்க்கிறேன். 'மீன் புடிக்கத் தெரியாத புள்ள, செத்த மீனுக்குக் காவல் இருக்கிறான்' என்று நைனா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. மனைவி சுமதி, அனுப்பம்பட்டில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். ஒரே மகள் கயல், ஏழு வயது. முதல் வருடம் பள்ளியில் அவள் பெயரை 'கைல்' என்று ஆண்பிள்ளைப் பெயராகப் பதிந்து பையன்களின் கால்பந்துக் குழுவில் சேர்த்துவிட்டார்கள். கடிதம் எழுதினேன், படிவம் நிரப்பினேன், ஒருவரும் அசையவில்லை. ஒரு நாள் அவளே போய், "நான் பெண்" என்று சொன்னாள். அன்றே திருத்திவிட்டார்கள்.

அப்படிப்பட்ட பெண்ணுக்கு மனநலத்தில் என்ன?

2

வகுப்பாசிரியை மிஸஸ் ஹார்ட்லி தேநீரோடு பிஸ்கட்டும் வைத்தார். என் சந்தேகம் உறுதியானது.

வகுப்பறைக் கதவருகே ஒரு பலகை. அதில் நான்கு நிறங்கள். காலையில் உள்ளே வரும் ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர் எழுதிய துணிக் கிளிப்பை ஒரு நிறத்தில் மாட்ட வேண்டும். நன்றாக இருந்தால் பச்சை. படபடப்பாக இருந்தால் மஞ்சள். கோபம் சிவப்பு. மனசு சரியில்லை என்றால் நீலம். நீலத்தில் மாட்டிய பிள்ளையை மிஸ் பென்னி என்ற மனநலப் பணியாளர் மதியம் 'கூடு' என்று பெயர் வைத்த சின்ன அறைக்கு அழைத்துப் போவார். அங்கே மெத்தை, மங்கலான விளக்கு, பிஸ்கட் என்ற பெயரில் ஒரு முயல். முயல் பயந்த சுபாவம். அதனால் நாளொன்றுக்கு ஒரு பிள்ளைதான்.

"கயல் மற்ற நாளெல்லாம் பச்சை" என்றார் மிஸஸ் ஹார்ட்லி. "வியாழக்கிழமை மட்டும் நீலம். ஒவ்வொரு வியாழக்கிழமையும். அதனால் கேட்கிறேன், உங்கள் வீட்டில் புதன்கிழமை மாலை பொதுவாக என்ன நடக்கும்?"

"எதுவும் நடக்காது" என்றேன். கட்டிலுக்கடியில் பிணத்தை வைத்திருப்பவன் குரலில் வந்தது. அதைச் சரிக்கட்ட, "நாங்கள் அவளை அடிப்பதே இல்லை" என்று சேர்த்தேன்.

யாரும் அதைக் கேட்கவில்லை. மிஸஸ் ஹார்ட்லி பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். அது என்ன என்று தலைகீழாகப் படிக்க முயன்றதில் தேநீரை மடியில் ஊற்றிக்கொண்டேன்.

3

"புதன்கிழமை உங்க தமிழ் கிளாஸ்தாங்க நடக்குது" என்றாள் சுமதி. "அந்தக் கொழந்தைய உக்கார வச்சு ஒரு மணி நேரம் வறுக்கிறீங்க."

"நீ மட்டும்? அன்னிக்குத்தான் எண்ணெ வச்சு இழுத்துப் பின்னுற."

"தலை பின்னுனா மனசு கெட்டுப் போவுமா?"

"நீ இழுக்கிற இழுப்புக்குப் பாக்கிற எனக்கே கண்ணு கலங்குது."

இப்படி ஆளுக்கு ஆள் விரல் நீட்டிய பிறகு இரண்டு பேரும் ஒன்றாகப் பயந்தோம். இங்கே நம்மவர்கள் வட்டத்தில் ஒரு கதை உலவுகிறது. அதிகாரிகள் வருவார்கள், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள், பிள்ளையைத் தனியறையில் வைத்துக் கேட்பார்கள், கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாருக்கு நடந்தது என்று கேட்டால் எப்போதும் நண்பரின் நண்பருக்குத்தான். அதனால் என்ன? முகத்துவாரத்தில் மண் மூடிவிட்டது என்று நாலாம் ஆள் சொன்னாலும் நாங்கள் படகை நிறுத்திவிட்டுப் போய்ப் பார்க்கிறவர்கள்தான்.

வீட்டைக் கழுவினோம். சமையலறையில் அரிவாள்மனை இருந்தது. மீன் ஆய்வதற்கு அம்மா கொடுத்தனுப்பியது. அதைப் பார்த்தால் அதிகாரி என்ன நினைப்பார்? துண்டில் சுற்றிக் காரின் டிக்கியில் ஒளித்தேன். மறுநாள் வேலைக்குப் போகும் வழியில்தான் உறைத்தது: வீட்டில் அரிவாள்மனை வைத்திருப்பவன் சமையல்காரன், காரில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுபவன் யார்? அதற்குப் பிறகு போலீஸ் வண்டி தெரிந்தால் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக ஓட்டினேன்.

தமிழ் வகுப்பை நிறுத்தினேன். சுமதி புதன்கிழமைகளில் பாயசம் வைத்தாள். கயல் எங்களை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில், "யாருக்குப் பிறந்தநாள்?" என்று கேட்டாள். நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். வியாழக்கிழமை கிளிப் மறுபடி நீலத்தில் ஏறியது.

பள்ளி வாசலிலும் காற்று சரியில்லை. சில பெற்றோர் என்னைப் பார்த்து அளவுக்கு மீறிச் சிரித்தார்கள். கயலின் வகுப்பில் படிக்கும் ஜாக்கின் அப்பா லாரி ஓட்டுபவர், கதவளவு ஆள். அதுவரை என்னிடம் தலையைக்கூட அசைத்ததில்லை. திடீரென்று வந்து, "வீட்டில் எல்லாம் நலமா?" என்றார். இவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தேன். "மிக நலம்" என்று சொல்லிவிட்டு, "உங்கள் வீட்டில்?" என்றேன். அவர் முகம் வெளிறியது. அது ஏன் என்றும் சந்தேகப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நைனாவை வீடியோவில் கூப்பிடுவது வழக்கம். மன இறுக்கம் குறைய அவரைச் சிரிக்கவைப்பேன்.

"நைனா, திங்கக்கிழமையானா உம் பேத்திக்கு நீச்சல் கிளாசு. தண்ணியில எறங்கமாட்டேன்றாளாம். கம்பியப் புட்சிக்கினு நிக்கிறாளாம்."

"இன்னாடா சொல்ற? கடல்காரன் பேத்தியா?"

"உம் புள்ள படகுல வாந்தி எடுத்தான், உம் பேத்தி குளத்தப் பாத்து அழுவுறா. வம்சம் வளருது நைனா!"

அவர் இருமி இருமிச் சிரித்தார். பின்னால் சோபாவில் படம் வரைந்துகொண்டிருந்த கயலும் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே பிரச்சினை நீச்சல் இல்லை என்று என் சந்தேகப் பட்டியலிலிருந்து அதை அடித்துவிட்டேன்.

4

வாந்திக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை, எங்கள் பக்கம் மூன்று குப்பங்களுக்குத் தெரியும்.

கயல் வயதில்தான் நைனா என்னை முதல்முறை கடலுக்குக் கூட்டிப்போனார். கரை மறையும் முன்பே குடல் வாய்க்கு வந்துவிட்டது. திரும்பி வந்து இறங்கும்போது கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒருவர் விடாமல் சிரித்தார்கள். "உம் புள்ள மீனுக்குத் தீனி போட்டுட்டு வந்துட்டான்டா!" என்று ஒருவர் நைனாவிடம் கத்தினார். அதற்குப் பிறகு நான் சில நாள் யாரிடமும் பேசவில்லை.

பள்ளியில் வாத்தியார், "போய் மூஞ்சியக் கழுவிக்கினு வா" என்றார். எங்கள் ஊரில் பிள்ளை அழுதாலும், மௌனமாக இருந்தாலும், காய்ச்சலடித்தாலும் முதல் சிகிச்சை அடிபம்புதான். அம்மா அதைப் 'பயந்த கோளாறு' என்று முடிவு செய்து, மசூதி வாசலில் நின்று தண்ணீர் ஓதி வாங்கிவந்தாள். குடித்தேன். பேச்சு வந்தது. தண்ணீரின் மகிமையா, சொம்பு காலியாகும் வரை வேலையை விட்டுவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்.

பேச்சு வந்ததும் முதல் வேலையாக அந்த வாந்தியை நானே நடித்துக் காட்ட ஆரம்பித்தேன். அடுத்தவன் சிரிப்பதற்குள் நாம் சிரித்துவிட்டால் அவனுக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. அன்று பிடித்த தொழில், இன்றுவரை விடவில்லை. இந்தக் குறிப்புகளும் அதே கடைச் சரக்குதான்.

5

அடுத்த வியாழக்கிழமை பனி கொட்டிப் பள்ளி மூடிவிட்டார்கள். கயல் ஜன்னலோரம் நின்று பனியை முறைத்துக்கொண்டிருந்தாள். பனியைக் கண்டால் குதிக்கிற பெண். குறித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்பில் மீன் வறுத்துக்கொண்டிருந்தபோது, போன் கயல் கையில் இருந்தது. நைனாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதால் அவரிடம் மட்டும் தட்டுத் தடுமாறித் தமிழில் பேசுவாள்.

"தாத்தா, ஒரு டவுட்டு."

"கேளு கண்ணு."

"புயல் வந்து ஒருத்தரோட பாடு போயிட்ச்சுன்னா, அடுத்த நாள் அவங்க போலாமா? இல்ல போனது போனதுதானா?"

என் கையில் கரண்டி நின்றது. ஏரியில் மீன் படுகிற நல்ல இடம் கொஞ்சம், வலைக்காரர்கள் அதிகம். அதனால் இன்ன இடத்தில் இன்ன நாள் இன்னார் என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வோம். அதற்குத்தான் பாடு என்று பெயர். உன் பாடு வந்தால் போகலாம், வராத அன்று கரையில் உட்கார வேண்டும். அடுத்தவன் முறையில் வலைக்கழி ஊன்றினால் ஊர்க்கூட்டம் கூடும். இங்கிலாந்தில் பிறந்து வளர்கிற பிள்ளைக்கு இதில் என்ன டவுட்டு?

நைனா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பெற்ற பிள்ளை ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.

"அது ஊர் கூடிப் பேசணும்மா. எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளிப் போட்டா நாயம். தள்ளலன்னா ஒருத்தருக்கு மட்டும் நஷ்டம். சண்ட வரும்."

"சண்ட வந்திட்ச்சு தாத்தா. ஜாக் ஒத்துக்கமாட்டேன்றான்."

"யாரு அந்த ஜாக்கு? எந்தக் குப்பம்?"

கரண்டியோடு வெளியே வந்து விசாரணை நடத்தினேன். விஷயம் இதுதான். வகுப்பில் சில பிள்ளைகளுக்கு முயல் வேண்டும். முயல் வேண்டுமென்றால் நீலத்தில் மாட்ட வேண்டும். எல்லோரும் நீலத்தில் மாட்டி அடித்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு தாத்தா, "இன்னிக்கு நம்ம பாடு இல்ல கண்ணு, அதான் ஊட்டுல குந்திக்கினுகீறேன்" என்று சொல்லி, கேட்ட கேள்விக்கெல்லாம் விளக்கமும் கொடுத்திருக்கிறார். மறுநாளே இவள் வண்ணப் பென்சில்களை வைத்துக் குலுக்கல் நடத்திவிட்டாள். திங்கள் ஜாக். வியாழன் கயல். மற்ற நாட்களுக்கும் ஆள் உண்டு. முறை வந்தவர் அன்று மனசு சரியில்லாதவர்.

எனக்கு முதலில் மூச்சு வந்தது, பிறகு சிரிப்பு. சோபாவில் விழுந்து சிரித்தேன். சுமதி சிரித்தாள். நைனா சிரித்து, போனை வைத்த கையோடு குப்பத்தில் சொல்லி, அன்று சாயங்காலத்துக்குள் எங்கள் பக்கம் முழுக்கச் சிரித்தது. டிக்கியிலிருந்து அரிவாள்மனை வீட்டுக்குத் திரும்பியது.

கயலும் சிரித்தாள். இந்த முறையும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

6

மறுநாள் காலை பள்ளி வாசலில் ஜாக்கின் அப்பாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினார். "திங்கட்கிழமை! ஞாயிறு மாலை என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். அதற்காக நான் பியரை விட்டுவிட்டேன், மனிதா!" முறை வைத்திருந்த எல்லா வீட்டுக்கும் அதே செய்தி போயிருக்கிறது. அடுத்த குடும்பத்தின் விஷயத்தைச் சொல்லக்கூடாது என்பது பள்ளியின் விதி. ஆகவே ஒவ்வொரு வீடும் தன்னைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டு, வாசலில் அளவுக்கு மீறிச் சிரித்திருக்கிறது.

உள்ளே போய் மிஸஸ் ஹார்ட்லியிடம் ஏரி, வலை, பாடு எல்லாவற்றையும் கை காலோடு நடித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார். இனிமேல் முயலைப் பார்க்க யாரும் நீலத்தில் மாட்ட வேண்டியதில்லை, மதியம் எல்லோருக்கும் முறை வைத்துவிடலாம் என்றார். சந்தேகங்கள் ஒழிந்த மனிதனாக எழுந்தேன்.

வராந்தாவில் மிஸ் பென்னி என்னை நிறுத்தினார். சின்னப் பெண், மெல்லிய குரல்.

"ஒன்று சொல்லலாமா? மற்ற பிள்ளைகள் முயலுக்காகத்தான் வருகிறார்கள், நீங்கள் உள்ளே சொன்னது காதில் விழுந்தபோதுதான் புரிந்தது. கேரட் கொடுப்பார்கள், துரத்துவார்கள். கயல் அப்படியில்லை. பிஸ்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசுவாள். நேரம் முழுக்கப் பேசுவாள். சில நாள் அழுவாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவாள்."

"என்ன பேசுவாள்?"

"எனக்குப் புரியாது. உங்கள் மொழியில்தான் பேசுவாள்."

நான் புதன்கிழமை புதன்கிழமையாகக் கெஞ்சியும் என் வீட்டில் வராத தமிழ், ஒரு முயலுக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கிறது. அதைவிட, என் மகளைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த முயலுக்குத் தெரியும். அது கேரட்டைக் கடித்துக்கொண்டு கம்மென்று இருக்கிறது.

7

அன்று மாலை கயலை அழைத்துவரப் போனேன். திங்கட்கிழமை, நீச்சல் நாள். அவள் முதுகிலிருந்து நீச்சல் பையை வாங்கித் தோளில் போட்டேன். இலேசாக இருந்தது. உள்ளே துண்டு காய்ந்தே இருந்தது.

'தண்ணிக்கு உன்னக் கண்டா பயமா, உனக்குத் தண்ணியக் கண்டா பயமா?' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல வரி. நைனாவிடம் சொன்னால் நிச்சயம் எடுபடும். மிஸ் பென்னியின் முகம் குறுக்கே வந்ததால் விழுங்கினேன்.

"என்னம்மா ஆச்சு?"

"நத்திங்."

"மனசு சரியில்லையா?"

நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சந்தேகத்தில் அவள் என் மகள்தான். பிறகு தமிழில் சொன்னாள்: "இன்னிக்கு ஜாக் பாடு."

"முயலக் கேக்கலம்மா. உன்னக் கேக்கறேன்."

"அதான் சொல்றேன். என்னோடது வியாழக்கிழமை. அதுவரைக்கும் வச்சிக்கணும்."

"எத வச்சிக்கணும்?"

"மனசு சரியில்லாதத. வியாழக்கிழமை பிஸ்கட்கிட்ட சொல்லணும். போன வாரம் ஸ்னோ. அதுவும் இருக்கு, இன்னிக்குதும் இருக்கு." ஒரு கல்லைக் காலால் தள்ளிக்கொண்டே நடந்தாள். "நெறைய ஆயிட்ச்சு."

நடைபாதையிலேயே அவளைத் தூக்கி அணைத்திருப்பேன். ஏழு வயதுக்காரி அதை அனுமதிக்கமாட்டாள்.

"எங்கிட்ட சொல்லலாம்ல?"

"நீ சிரிப்ப."

"சிரிக்கமாட்டேன்."

"சிரிப்ப. தாத்தாகிட்ட சொல்லுவ. தாத்தா சிரிப்பாரு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்பறம் நானும் சிரிக்கணும்."

இந்த மாதம் முழுக்க நான் சந்தேகப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். ஆசிரியை, அரசாங்கம், மனைவி, அவள் பின்னும் சடை, லாரிக்காரர், அரிவாள்மனை. ஒரே ஒரு ஆசாமி மட்டும் தப்பித்து, நடுக்கூடத்தில் உட்கார்ந்து எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தான்.

"எனக்கும் ஒரு பாடு குடேன்" என்றேன்.

யோசித்தாள். "ஞாயித்துக்கிழம காலியா இருக்கு."

"அவ்ளோ நாள் ஆவுமே. நாளைக்கு வேணும்னா நாளைக்கு, இப்ப வேணும்னா இப்ப."

"இப்ப வேணாம். ஞாயித்துக்கிழம பாப்பேன். நல்லா இருந்தா மத்த நாளும் தருவேன்." விரலை நீட்டினாள். "ஆனா ரூல் இருக்கு. பிஸ்கட் பேசாது. பிஸ்கட் சிரிக்காது. பிஸ்கட் யார்கிட்டயும் சொல்லாது."

"கேரட் உண்டா?"

முறைத்தாள்.

"சரி, சரி. இதோட கடைசி."

8

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சுமதி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சோபாவின் ஒரு ஓரத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தேன். கயல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சோபா உறையின் நூலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஏழெட்டு ஜோக் இருந்தது. ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். சும்மா இருப்பது எத்தனை கஷ்டமான வேலை என்று அந்த முயல்மேல் மரியாதை வந்தது.

பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். தமிழில். ற-வும் ர-வும் இடம் மாறி விழுந்தன. திருத்தவில்லை. நடுவில் நைனாவின் வீடியோ அழைப்பு வந்தது. மேசையில் போன் அதிர்ந்து நகர்ந்தது. கயல் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அதைக் கவிழ்த்து வைத்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினாள்.

என்ன சொன்னாள் என்று கேட்காதீர்கள். என் வாந்தி முதற்கொண்டு எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியிருக்கிறேன், இது ஒன்றைக் கொட்டுவதாக இல்லை.

அவள் எழுந்து போன பிறகு நைனாவைக் கூப்பிட்டேன்.

"இன்னாடா, போன எடுக்கமாட்டேன்ற? உடம்பு கிடம்பு சரியில்லியா? எம் பேத்தி எப்டிகீறா? தண்ணியில எறங்கினாளா இல்லியா? சொல்லு, சிரிப்போம்."

"இல்ல நைனா. இன்னிக்கு எம் பாடு. அதான் எடுக்கல."

நைனா போனை முகத்தருகே இழுத்தார்.

"வலையில இன்னா பட்டுது?"

"சொல்லமாட்டேன் நைனா."

எங்கள் ஊரில் வெறும் வலையோடு வந்தவன்தான் கரை முழுக்கப் புலம்புவான். கூடை நிறைந்தவன் துணியைப் போட்டு மூடிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுவான்.

"சொல்லமாட்டேன்றியா?" என்றார் நைனா, கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்தபடி. "அப்ப நல்லாத்தான் பட்டுக்கீது."